காணாத ஓவியமும் கைக்கெட்டும் எழுத்தும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விசித்திரமான காரியந்தான். பேசுகின்ற என் கையிலும் படம் இல்லை. கேட்கின்ற உங்கள் கண்முன்னும் படம் இல்லை. பாட்டைப் பற்றிப் பேசினால் இடையில் இரண்டு அடி பாடிக் காட்டலாம். கவிதையானால் வாசித்துக் காட்டலாம். ஓவியத்துக்கு அந்த வசதி கிடையாது. சொல்லை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு நிறத்தையும் கோட்டையும் உங்களிடம் சேர்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மன்னார்க் கரையில் வாழ்கின்ற நமக்கு இந்த நிலைமை புதியதன்று. சமகால ஓவியக் கண்காட்சிகள் பெரும்பாலும் கொழும்பிலும் ஓரளவு யாழ்ப்பாணத்திலும் நடைபெறுகின்றன. கொழும்புக்குப் போவதென்றால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் பயணம். தலைமன்னாரிலோ வங்காலையிலோ முருங்கனிலோ இருக்கும் ஒருவருக்குக் கண்காட்சியின் செய்தி எட்டும்போது, பெரும்பாலும் படங்கள் கழற்றப்பட்டுச் சுவர் வெறுமையாகியிருக்கும். ஆகவே நமக்குச் சமகாலக் கலை என்பது, அனேகமாக, யாராவது அதைப் பற்றி எழுதியதே. அந்த எழுத்து நன்றாக இருந்தால் நாம் படத்தின் அருகிலாவது போகிறோம். அது மோசமாக இருந்தால் படமும் இல்லை, எழுத்தும் இல்லை என்றாகிவிடுகிறது.

எனவே சமகாலக் கலையைப் பற்றிய எழுத்துக்களில் எவற்றை நாம் தொடர்ந்து வாசிக்கலாம், எதனால் வாசிக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

'எழுத்து எப்படி ஓவியத்துக்கு ஈடாகும்?' என்று சிலர் வினவலாம். ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் கண்ணால் கண்ட ஒன்று மறைந்த பிறகு அதைக் காப்பாற்றித் தருவது சொல்தான் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் பழைய கோயில் அழிந்தது. கோயில் நின்ற இடமே காடாகிப் போயிற்று. 1872இல் ஆறுமுக நாவலர் அந்தத் தலத்தை எழுத்தில் நினைவூட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மீண்டும் கோயில் எழுந்தது. கல் போன பின்பும் பாட்டு இருந்தது. அந்தப் பாட்டே இடத்தைத் தேட வைத்தது. பாட்டு இல்லாதிருந்தால் நாவலர் எதை நினைவூட்டியிருப்பார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரிப்புக் கடற்கரையில் 'டோரிக்' என்று சொல்லப்படும் இடிபாட்டை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது. செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கிரேக்கப் பாணியில் எழுப்பப்பட்ட அந்த மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக அரித்துத் தின்றுவிட்டது. அது முழுமையாக நின்ற காலத்தைப் பற்றி நமக்குத் தெரிவது, 1807இல் தமது இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் போன்றோர் எழுதி வைத்ததனால்தான். அரிப்பில் முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்பதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சுவருக்குச் சாந்து குழைத்தவர்களோ, கடலில் இறங்கிய சுழியோடிகளோ தாங்கள் கண்டதைப் பற்றி எழுதி வைத்த ஏடு எதுவும் என் கண்ணிற் பட்டதில்லை.

நாம் எழுதாவிட்டால் பிறர் பார்க்காமலே எழுதுவார்கள். பிசே என்ற பிரெஞ்சு இசைமேதையின் 'முத்துக் குளிப்போர்' என்னும் இசைநாடகம் 1863இல் பாரிஸ் நகரில் அரங்கேறியது. அதன் களம் இலங்கை. ஆனால் கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிக்கோவைக் களமாக வைத்திருந்தார்கள். பின்னர்தான் இலங்கைக்கு மாற்றினார்கள். நம் கடலும் நம் சுழியோடிகளும் அவர்களுக்கு மேடைத் திரையில் வரைந்த காட்சியாக மட்டுமே இருந்தனர். இசை அருமையானதே, அதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டு மன்னாரை அறிய முடியாது.

இனி சமகாலக் கலைக்கு வருவோம். பழைய ஓவியம் சட்டத்துக்குள் அடங்கிச் சுவரில் மாட்டப்பட்டு நூறு வருடம் இருந்தது. இன்றைய கலையில் பெரும்பகுதி அப்படியானதன்று. தாபனக் கலை என்று ஒன்று இருக்கிறது. பொருட்களை ஓரிடத்தில் அமைத்து, பார்வையாளர் அவற்றுக்கிடையே நடந்து போகும்படி செய்வது. கண்காட்சி முடிந்ததும் அது கலைக்கப்பட்டுவிடும். 2004ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் - புறம்' என்ற கண்காட்சி நடைபெற்றது. 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட நூலகம் அது. அங்கே ஓவியர் தா. சனாதனன், 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்படும் ஓர் ஆக்கத்தை அமைத்தார். 500 வீடுகளிலிருந்து சேகரித்த பொருட்களை அவர் அதிலே காட்சிக்கு வைத்தார். ஏடுகள் எரிந்த ஒரு மண்டபத்துக்குள், சாதாரணக் குடும்பங்களின் கைப்பொருட்கள் ஏடுகளைப்போல வந்து சேர்ந்தன. இப்பொழுது அந்த அமைப்பு அங்கே இல்லை. அதைக் கண்டவர்கள் எழுதியதும் எடுத்த புகைப்படங்களும் மட்டுமே இருக்கின்றன. அந்த எழுத்து இல்லையென்றால் 2004க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கலைப்படைப்பும் இல்லை.

அப்படியானால் எத்தகைய எழுத்து நமக்கு வேண்டும்? முதலில் எது வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் வருகின்ற கண்காட்சிச் செய்திகளை எண்ணிப் பாருங்கள். யார் தலைமை வகித்தார், யார் மங்கல விளக்கேற்றினார், யார் வரவேற்புரை, யார் நன்றியுரை என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். யார் பொன்னாடை போர்த்தினார் என்பதும் இருக்கும். சுவரில் என்ன இருந்தது என்பது மட்டும் இருக்காது. இது ஒரு வகை. மற்றொரு வகை, இருத்தலியல், அமைப்பியல், பின்நவீனத்துவம் என்று பெரிய சொற்களை அடுக்கிக்கொண்டு போவது. படித்து முடித்த பின்பும் படம் சிவப்பா, கறுப்பா என்று நமக்குத் தெரியாது. இரண்டு வகையிலும் படத்தைக் காணோம்.

நல்ல எழுத்தை இனங்காண மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். முதலாவது, அங்கே என்ன இருந்தது என்று எழுதியவர் சொல்கிறாரா? துணியா, கடதாசியா, மரமா, எத்தனை அடி, எங்கே வைக்கப்பட்டிருந்தது என்ற விபரங்கள். இரண்டாவது, எழுதியவர் தாமே நேரில் பார்த்தாரா, எந்த இடத்தில் நின்று பார்த்தார்? மூன்றாவது, வாசித்து முடித்த பிறகு நம் ஊரில் நாம் தினமும் காணும் ஏதாவது ஒன்றை நம் கண் புதிதாகப் பார்க்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஆனால் முதலிரண்டுக்கும் விடையில்லாத எழுத்து மூன்றாவதுக்குப் போய்ச் சேருவதில்லை.

இந்தக் கேள்விகளோடு தேடினால் நமக்குக் கிடைப்பவை சில உண்டு.

முதலில் ஓவியர் அ. மாற்கு அவர்களுக்காக 1987இல் தமிழியல் வெளியிட்ட 'தேடலும் படைப்புலகமும்' என்ற சிறப்பு மலர். யாழ்ப்பாணத்தில் யுத்தம் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த வேளையில் ஓர் ஆசிரியராக, ஓவியராக வாழ்ந்த ஒருவரின் படைப்புக்களைத் தொகுத்து, ஓவியம் பற்றிய எழுத்துக்களையும் சேர்த்து ஒரு மலராக்கியிருக்கிறார்கள். மாற்கு 2000ஆம் ஆண்டு காலமானார். இடையில் நேர்ந்த 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவருடைய படைப்புக்களிற் பல இழக்கப்பட்டன. அப்படி யோசித்தால் அந்த மலரின் பெறுமதி என்னவென்று விளங்கும். பாராட்டு மலராகத் தொடங்கியது காலப்போக்கில் ஓர் ஆவணமாகிவிட்டது.

அடுத்து, சிறு சஞ்சிகைகள். 1975இல் தொடங்கி 1990 வரை 35 இதழ்கள் வெளிவந்த 'அலை', இலக்கியத்தோடு ஓவியத்தையும் திரைப்படத்தையும் பேசவேண்டிய பொருளாகக் கொண்டது. கடலுக்கு அப்பால், தமிழகத்துச் சிறு சஞ்சிகைகளும் அவ்வாறே. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளை நம்மிற் பலர் கண்காட்சி மண்டபத்தில் அன்றி, நூல்களின் அட்டைகளிலும் சஞ்சிகைப் பக்கங்களிலும்தான் முதலிற் கண்டோம். காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியபோது, அங்கே குடியேறிய கலைஞர்கள் கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் வரைந்தார்கள். இத்தகைய செய்திகள் நமக்கு எழுத்தின் வழியே வந்தவைதான். கடற்கரைக் கிராமம் ஒன்றில் கலைஞர்கள் கூடி வாழ்ந்த கதை, கடற்கரை மக்களாகிய நமக்கு வெறும் செய்தி மாத்திரமாக இருக்கத் தேவையில்லை.

பழைய சஞ்சிகைகள் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி இயல்பானது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, எவரும் பணம் கொடாமல் வாசிக்கும்படி செய்திருக்கிறது. முன்பு ஒரு பழைய இதழுக்காக யாழ்ப்பாணத்து நண்பரின் அலுமாரியை நம்பியிருந்த காலம் போய்விட்டது. அதேபோல் 2013இல் யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு என்பவற்றுக்கென ஓர் ஆவணக் காப்பகம் அமைக்கப்பட்டது. கண்காட்சி அழைப்பிதழும் கையேடும்கூட வரலாற்றுப் பொருட்கள் என்று எண்ணிச் சேர்ப்பதற்கு ஓரிடம் நம் மாகாணத்தில் ஏற்பட்டது சிறிய காரியமன்று. 2018இல் டாக்காவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2019 டிசெம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலை நூதனசாலையின் தொடக்கக் கண்காட்சியாக அமைந்த 'ஒரு நூறாயிரம் சிறுகதைகள்' என்று பொருள்படும் கண்காட்சியின் தலைப்பு, கவிஞர் சேரனின் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நூதனசாலை தன் விளக்கக் குறிப்புக்களை மூன்று மொழிகளிலும் எழுதத் தொடங்கியது. ஓவியத்தின் அருகே தமிழில் நான்கு வரி இருப்பது, தமிழ்ப் பார்வையாளரை உள்ளே வாருங்கள் என்று அழைப்பதற்குச் சமானம்.

இவை எல்லாவற்றிலும் மன்னார் வாசகர்கள் அவசியம் அறியவேண்டியது என்று நான் கருதுவது ஒரு நூல். தா. சனாதனன் உருவாக்கி 2011இல் வெளிவந்த அந்த நூலின் பெயர், 'முற்றுப்பெறாத தோம்பு' என்று தமிழிற் பொருள்படும். தோம்பு என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு அது. எந்தக் காணி யாருக்கு, அதில் எத்தனை மரம் என்று எழுதி, வரி அறவிடுவதற்காக வைத்திருந்தார்கள். ஆட்சியாளர் எழுதிய அந்தப் பதிவேட்டின் பெயரைச் சனாதனன் வீடிழந்த மக்களின் பக்கம் திருப்பிவிட்டார். யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். விறாந்தை எங்கே, அடுப்படி எங்கே, கிணறு எங்கே என்று அவர்கள் தங்கள் கையாலேயே வரைந்தார்கள். அந்தக் கோடுகளோடு கட்டடக் கலைஞர் வரையும் முறையான வரைபடமும், ஓவியரின் சித்திரமும் சேர்ந்து 80 வீடுகள் அந்த நூலில் இருக்கின்றன. நூலே ஓர் அலுவலகக் கோவையைப் போலத் தோற்றமளிக்கிறது.

இதில் கலை எங்கே என்று கேட்பவர்கள் இருக்கலாம். வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்லர். கோடுகள் நேராக இல்லை. ஆனால் ஒரு தாய் தன் வீட்டை வரையும்போது அடுப்படியைப் பெரிதாக வரைந்தால், அந்தப் பிசகில் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. அளவுகோல் வைத்து வரைந்த படம் அதைச் சொல்லாது. இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்தபோதுதான் எது இழக்கப்பட்டது என்பது நம் கண்ணுக்குப் படுகிறது.

இந்த நூலை ஏன் மன்னார் வாசகர்கள் அறியவேண்டும் என்றேன்? நேயர்களே, நம் கரையிலிருந்து இரண்டு திசைகளுக்குப் படகுகள் போயிருக்கின்றன. யுத்தம் மூண்ட காலங்களில் தமிழ்க் குடும்பங்கள் இரவோடிரவாக இராமேஸ்வரம் நோக்கிப் போய் மண்டபம் முகாமில் இறங்கின. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு முஸ்லிம்கள் கடல்வழியாகத் தெற்கே கற்பிட்டிக்குப் போய்ப் புத்தளத்துக் கரைகளில் முகாம்களில் வாழ்ந்தார்கள். இரு சாராரும் வீடுகளை விட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தவர்களிற் பலருக்கு வீடு இருக்கவில்லை. எருக்கலம்பிட்டியில் தான் பிறந்த வீட்டைப் புத்தளத்தில் இருக்கும் ஒரு மூதாட்டியால் இன்றும் வரைந்து காட்ட முடியும். பேசாலையில் விட்டுப்போன வீட்டைத் தமிழகத்து முகாமில் இருக்கும் ஒரு முதியவரால் வரைய முடியும். அவர்கள் வரையக்கூடிய காலம் நீண்டதன்று. அவர்களோடு அந்த வீடுகளும் போய்விடும். பதிவேடு முற்றுப்பெறாதது என்று சனாதனன் பெயர் வைத்ததை, நான் அவரது அடக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை; மற்றவர்களுக்கு விட்ட அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சமகாலக் கலை நமக்கு எட்டாத ஆடம்பரம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரித்துச் சொன்னேன். பேசாலையில் ஆளுயரப் பாவைகளைக் கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் மரபு நமக்கு இருக்கிறது. மாதோட்டத்துக் கூத்துக்கு உடுப்பும் முடியும் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. பள்ளிமுனைப் பெருக்கமரத்தை வரையாத பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. இன்று அந்தப் பிள்ளையின் படத்தில், 2020 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட 30 காற்றாடிகளும் கடலோரத்தில் நிற்கும். காற்றாடி வேண்டுமா, வேண்டாமா என்று பெரியவர்கள் வாதிடுகிறோம். பிள்ளை அதை மரத்தைவிடப் பெரிதாக வரைகிறதா, சிறிதாக வரைகிறதா என்று நாம் பார்க்கிறோமா? கலையைப் பற்றிய நல்ல எழுத்தை வாசித்துப் பழகியவர் பார்ப்பார்.

ஆகையால் நேயர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்து என் உரையை நிறைவு செய்கிறேன். உங்கள் ஊர் வாசிகசாலையில் நான் குறிப்பிட்ட நூல்களையும் சஞ்சிகைகளையும் கேளுங்கள். இல்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். கேட்கப்படாத நூல் எந்த வாசிகசாலைக்கும் வருவதில்லை. இரண்டாவது, ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வையுங்கள். ஊரில் யாராவது ஒரு படம் வரைந்து மாட்டினால், ஒரு பாவைக்குப் புதிதாக நிறம் பூசினால், ஒரு கூத்து மேடைக்குத் திரை எழுதினால், போய்ப் பாருங்கள். விளக்கேற்றியவர் பெயரை விட்டுவிட்டு, என்ன இருந்தது, எதனாற் செய்யப்பட்டது, யார் செய்தார், எந்தத் திகதி என்று எழுதுங்கள். அழகாக எழுதவேண்டும் என்பதில்லை. வீட்டில் வயது போனவர்கள் இருந்தால், அவர்கள் விட்டுவந்த வீட்டை அந்தக் கொப்பியிலேயே வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம்.